பொட்டாசியம் 6.4, மறுநாள் 4.3. எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

சுங்கைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கிளினிக்கில் ரத்தம் எடுப்பதோடு சரி, பரிசோதனை நடப்பது வெளியே ஒரு லேப்பில். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.4. டாக்டர் உடனே போன் செய்து, இதயத்துக்கு ஆபத்து, இப்போதே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அங்கே ஈசிஜி எடுத்தார்கள், கோளாறு இல்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 4.3. விடியும் வரை அவசரப் பிரிவில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினோம்.

ஒரே ஆளுக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா? மெஷின் கோளாறா? இந்த லேப்களை யார் மேற்பார்வை பார்க்கிறார்கள்? கிளினிக் பெயரும் லேப் பெயரும் இங்கே வேண்டாம். அடுத்த தடவை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

பால்மரத்துப் பிள்ளை:

தம்பி, அம்மா நலமாக இருப்பது முதலில் நல்ல செய்தி. ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐம்பது வெள்ளிக்கு முப்பது டெஸ்ட் என்று பேக்கேஜ் போடுகிறார்கள். அந்தக் காசுக்கு எந்த மெஷினை ஓட்டுவார்கள், எந்த மருந்தை ஊற்றுவார்கள்? தோட்டத்து ஜனங்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்கிற தைரியம். நேராக ஈப்போவில் பெரிய லேப்புக்கே போய்க் கொடுத்துவிடுங்கள்.

நுண்ணோக்கி:

நான் தனியார் லேப் ஒன்றில் மெடிக்கல் லேப் டெக்னாலஜிஸ்ட். மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில கேள்விகள், சுங்கைவாசி.

ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? லேப்புக்குப் போய்ச் சேர்ந்தது எப்போது? இடையில் எங்கே வைத்திருந்தார்கள்? ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் "எடுத்த நேரம்", "பெற்ற நேரம்" என்று இரண்டு இருக்க வேண்டும். அப்புறம் அதே ரிப்போர்ட்டில் கால்சியம் எவ்வளவு, ஏஎல்பி என்ற நொதி எவ்வளவு? ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது என்று ஏதாவது குறிப்பு போட்டிருக்கிறதா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியத்தின் அடர்த்தி வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல். டியூபில் கிடக்கும்போது அதில் கொஞ்சம் வெளியே கசிந்தாலே எண் எகிறிவிடும். அப்போது மெஷின் சரியாகத்தான் அளக்கும். டியூபில் இருக்கிற திரவத்தில் உண்மையாகவே 6.4 இருக்கும். உங்கள் அம்மாவின் உடம்பில் இருக்காது.

இன்னொன்று. டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது முழுக்கச் சரி. சில ரத்த அழுத்த மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். 6.4 என்று பார்த்துவிட்டு, இது லேப் தவறாகத்தான் இருக்கும் என்று எந்த டாக்டரும் சும்மா இருக்கக் கூடாது. இதைப் படிக்கிற யாரும் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சுங்கைவாசி:

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கால்சியம், ஏஎல்பி இரண்டும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஹீமோலைசிஸ் குறிப்பு இல்லை. "பெற்ற நேரம்" மறுநாள் காலை 11.20. "எடுத்த நேரம்" என்ற இடம் காலி. நாங்கள் கிளினிக்குக்குப் போனது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அன்றைக்கு ரைடர் வந்துவிட்டுப் போய்விட்டாராம். கிளினிக்கில் கேட்டேன், "ஐஸ்பெட்டியில்தான் பத்திரமாக வைத்திருந்தோம்" என்றார்கள்.

நுண்ணோக்கி:

விடை பெரும்பாலும் அந்த ஐஸ்பெட்டியில்தான் இருக்கிறது.

மீன், பால் போல ரத்தமும் குளிரில் வைத்தால் கெடாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிவப்பணுவைப் பிரிக்காத ரத்தத்தில் பொட்டாசியத்துக்கு இது நேர் எதிர். சிவப்பணுவின் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. குளிரில் அது மந்தமாகிவிடும், பொட்டாசியம் மெதுவாக வெளியேறும். அணு உடைவதில்லை, அதனால் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவம்) சிவக்காது. இப்போதைய மெஷின்கள் சீரத்தின் நிறத்தை வைத்து ஹீமோலைசிஸை அளந்து எச்சரிக்கும். இந்தக் கசிவு அந்தச் சோதனையில் சிக்காது. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் குறிப்பு ஒன்றும் இல்லை.

கால்சியத்தை ஏன் கேட்டேன் என்றால், ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அதில் கொஞ்சம், பொட்டாசியம் பார்க்கிற மஞ்சள் மூடி டியூபில் கலந்துவிட்டால் பொட்டாசியம் ஏறும், கூடவே கால்சியமும் ஏஎல்பியும் சரியும். உங்களுக்கு அவை நன்றாக இருப்பதால் கலப்பு நடந்திருக்க வாய்ப்பு குறைவு.

செய்திருக்க வேண்டியது இதுதான். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் எடுத்து அரை மணி நேரம் நிறுத்தி உறைய விட வேண்டும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றினால் நடுவே இருக்கும் ஜெல் சிவப்பணுவையும் சீரத்தையும் பிரித்துவிடும். பிரிந்த பிறகு குளிரில் வைக்கலாம், மறுநாள் அனுப்பினாலும் பொட்டாசியத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்று மேசை மேல் வைக்கிற அளவுதான் இருக்கும்.

மிஸ்ஸி ஓய்வு:

அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். லேப் தம்பி சொன்னது சரி. ஆனால் சிக்கல் ஐஸ்பெட்டிக்கு முன்னாலேயே, நாற்காலியில் உட்கார வைத்த நிமிடத்திலேயே தொடங்கிவிடும்.

வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காது. கைப்பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு "கையை மூடித் திறங்கள், மூடித் திறங்கள்" என்பார்கள். அதனாலேயே பொட்டாசியம் ஏறும். ஊசியில் வேகமாக இழுத்து, மூடி வழியாக அழுத்தித் தள்ளுவார்கள். அணு உடையும். ஒரு டியூபில் போதவில்லை என்று இன்னொரு டியூபிலிருந்து ஊற்றுவதை என் கண்ணால் பார்த்து, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். டியூப்களுக்கு வரிசை உண்டு: முதலில் நீல மூடி, பிறகு மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். அந்த வரிசை வைத்ததே ஒன்றின் மருந்து மற்றதில் கலக்காமல் இருக்கத்தான்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது பெயருக்கு. நம் தோட்டப்புறங்களில் ஒரே பெயரில் எத்தனை பேர்! சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும்கூட ஒத்துப்போகிற இரண்டு பேர் ஒரே வார்டில் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரோடு ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வேண்டும். நோயாளி வாயால் சொல்ல வேண்டும். "நீங்கள் முனியம்மாதானே?" என்று கேட்டால் காது கேளாத பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். டியூபில் ஸ்டிக்கர் ஒட்டுவது ரத்தம் எடுத்த பிறகு, அவர் முன்னாலேயே. முன்கூட்டியே ஒட்டி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், யாராக இருந்தாலும் எழுந்து கேளுங்கள்.

கணக்கு டீச்சர்:

இதுவரை மெஷினுக்கு முன்னால் நடப்பதைப் பேசினீர்கள். மெஷின் சரியாக அளக்கிறது என்று லேப்புக்கு எப்படித் தெரியும்? எல்லா லேப்பும் "எங்கள் குவாலிட்டி கண்ட்ரோல் பாஸ்" என்றுதானே சொல்லும்?

நுண்ணோக்கி:

நல்ல கேள்வி, டீச்சர். அளவு தெரிந்த சீரம் பாட்டிலில் வரும், அதைத்தான் கண்ட்ரோல் என்கிறோம். குறைந்த அளவு ஒன்று, அதிக அளவு ஒன்று என்று குறைந்தது இரண்டு வைத்திருப்போம். காலையில் நோயாளி சாம்பிளைத் தொடுவதற்கு முன் அவற்றை ஓட்டி, வந்த எண்ணை வரைபடத்தில் குறிப்போம். நடுக்கோடு சராசரி, மேலும் கீழும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகள். 1924-இல் வால்டர் ஷூவார்ட் தொலைபேசிக் கருவித் தயாரிப்புக்காக உருவாக்கிய முறை இது. 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் அதை லேப்புக்குள் கொண்டு வந்தார்கள். எப்போது நிராகரிப்பது என்பதற்கு 1981-இல் வெஸ்ட்கார்ட் என்பவர் விதிகளைக் கட்டிக் கொடுத்தார். ஒரு புள்ளி மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை நிராகரி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கத்தில் இரண்டைத் தாண்டினாலும் நிராகரி. பத்துப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும், அளவு மெல்ல நகர்ந்துவிட்டது என்று பொருள்.

கணக்கு டீச்சர்:

அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 95 சதவீதம் விழும். இரண்டு கண்ட்ரோல் ஓட்டினால், மெஷின் நன்றாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வெளியே விழும் வாய்ப்பு 1 கழித்தல் 0.95-இன் வர்க்கம், அதாவது கிட்டத்தட்ட 10 சதவீதம். மூன்று ஓட்டினால் 14. பத்து நாளில் ஒரு நாள் பொய் எச்சரிக்கை வந்தால் அங்கே வேலை செய்கிறவர் என்ன செய்வார்? மறுபடி ஓட்டுவார், உள்ளே வந்ததும் "பாஸ்" என்று எழுதுவார். கொஞ்ச நாளில் உண்மையான எச்சரிக்கையையும் அப்படித்தானே தள்ளிவிடுவார்?

நுண்ணோக்கி:

நீங்கள் தொட்டது எங்கள் தொழிலின் மிகப் பெரிய கெட்ட பழக்கத்தை. உள்ளே வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது, அப்புறம் புதுப் பாட்டில் திறப்பது, அப்புறம் மெஷினை மறுபடி கேலிபிரேட் செய்வது, அதாவது அளவைத் திருத்தி அமைப்பது. ஏன் வெளியே போனது என்று யாரும் தேடுவதில்லை. வெஸ்ட்கார்ட் இரண்டு திட்ட விலக்கத்தை நிராகரிப்பாக வைக்காமல் எச்சரிக்கையாக மட்டும் வைத்தது இந்தப் பொய் எச்சரிக்கையைக் குறைக்கத்தான்.

ஒரு லேப்பின் தரத்தை நான் பார்க்கிற இடமும் இதுதான். வரைபடம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். கண்ட்ரோல் தவறிய நாளில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்? காரணம் என்ன, யார் பார்த்தது, அதற்கு முன் வெளியே போன நோயாளி ரிப்போர்ட்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்களா? கண்ட்ரோல் ஒருநாளும் தவறியதே இல்லை என்று சொல்கிற லேப்பை நான் நம்ப மாட்டேன்.

பால்மரத்துப் பிள்ளை:

இது எனக்குப் புரிகிற விஷயம். என் அப்பா பால் வெட்டினார். ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுத்தான் ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கருவி சரியா என்று வெட்டுகிறவன் கேட்க முடியாது, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதியதுதான் கணக்கு. லேப்பும் அப்படித்தானே? அவனே ஓட்டுகிறான், அவனே வரைபடம் போடுகிறான், அவனே பாஸ் போடுகிறான். வெளியிலிருந்து பார்க்கிறவன் யார்?

நுண்ணோக்கி:

அண்ணே, வெளியிலிருந்து பார்க்க இரண்டு வழி உண்டு.

முதலாவது, வெளித்தர மதிப்பீடு. அளவு சொல்லாமல் ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் அளந்து எண்ணை அனுப்ப, மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்கள். 1947-இல் பெல்க், சுந்தர்மேன் என்ற இருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆஸ்பத்திரி லேப்களுக்கு இப்படி அனுப்பிப் பார்த்ததில், ஒரே திரவத்துக்கு லேப்புக்கு லேப் பொருந்தாத விடைகள் வந்தன. வெளித்தர மதிப்பீட்டுக்கு அதுதான் தொடக்கம். இங்கே பல லேப்கள் ஆஸ்திரேலியாவின் ஆர்சிபிஏ என்ற நோயியல் மருத்துவர் அமைப்பின் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. அந்தச் சாம்பிளையும் நோயாளி சாம்பிளைப் போலவே, அன்றைய டூட்டியில் இருப்பவர்தான் ஓட்ட வேண்டும். கைதேர்ந்தவரைக் கூப்பிட்டு மூன்று தடவை ஓட்டி அனுப்பினால் பாஸ் கிடைக்கும், லேப்பின் உண்மை நிலை தெரியாது.

இரண்டாவது, ஐஎஸ்ஓ 15189. மருத்துவ லேப்களுக்கென்றே 2003-இல் வந்த தரநிலை. நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. இங்கே ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா துறை "சாம்" என்ற திட்டத்தில் இதற்கு அங்கீகாரம் தருகிறது. ஐஎஸ்ஓ 9001-ஐயும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 9001 எந்த நிறுவனமும் வாங்கலாம், நிர்வாக முறையை மட்டும் பார்ப்பார்கள். 15189-இல் அந்தப் பரிசோதனையைச் செய்யும் திறமை இருக்கிறதா என்று துறை தெரிந்தவர்களே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். முக்கியமான விஷயம், இந்த அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடையாது, ஒவ்வொரு பரிசோதனைக்கும்தான். சான்றிதழோடு ஒரு அட்டவணை இருக்கும். பொட்டாசியம் அதில் இருக்கிறதா, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பால்மரத்துப் பிள்ளை:

வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நுண்ணோக்கி:

சாம் அங்கீகாரம் லேப் விரும்பி எடுப்பது. சட்டம் என்று பார்த்தால், 1998-இன் 586-ஆம் சட்டம் தனியார் ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்துகிறது. பெத்தாலஜி லேப்களுக்கென்றே 674-ஆம் சட்டம் 2007-இல் நிறைவேறியது. நிறைவேறியும் அமலுக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2016-இன் 774-ஆம் சட்டத்தில் எங்களைப் போன்ற துணை மருத்துவத் தொழிலினருக்குப் பதிவு முறை வந்தது. ஆளுக்குச் சட்டம் வந்த வேகம் லேப்புக்கு வரவில்லை என்பது என் வருத்தம்.

பால்மரத்துப் பிள்ளை:

அப்போது என் கோபம் நியாயம்தான். மெஷின் மேல் தவறில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்த நேரம் எழுதாத டியூபை அந்த லேப் ஏன் வாங்கியது? வாங்கி, அளந்து, 6.4 என்று அச்சடித்து அனுப்பியது யார்? கிளினிக் மேல் மட்டும் பழி போட முடியாது.

நுண்ணோக்கி:

இதில் உங்கள் பக்கம்தான் நான். நேரம் இல்லாத டியூப் வந்தால் போன் போட்டுக் கேட்க வேண்டும். பிரிக்காமல் ராத்திரி முழுக்கக் கிடந்தது என்று தெரிந்தால் மற்றதைச் செய்துவிட்டு, பொட்டாசியத்துக்கு "சாம்பிள் ஏற்கத்தக்கதல்ல, மறுபடி எடுக்கவும்" என்று போட வேண்டும். 15189 இதையும் லேப்பின் பொறுப்பாகத்தான் வைக்கிறது. சாம்பிள் எடுக்கும் முறையை லேப் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுதியில்லாததை நிராகரிக்க வேண்டும், எத்தனை நிராகரித்தோம் என்று கணக்கு வைக்க வேண்டும். லேப் தவறுகளில் பாதிக்கு மேல் மெஷினுக்கு முந்தைய கட்டத்தில்தான் நடக்கின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆனால் நிராகரித்தால் கிளினிக் கோபித்துக்கொண்டு வேறு லேப்புக்குப் போய்விடும் என்று விற்பனைப் பிரிவு பயப்படும். அந்தப் பயம் இருக்கும் வரை சுவரில் எந்தச் சான்றிதழ் தொங்கினாலும் பயனில்லை.

சாலைப் பறவை:

நான் லேப் சாம்பிள் ஏற்றுகிற ரைடர், சுங்கை சிப்புட் பக்கமும் எனக்குத்தான். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். லிந்தாங், ஜாலோங் பக்கம் போய் டவுனுக்குத் திரும்பி, அப்புறம் ஈப்போ. ஒரு கிளினிக்கில் இருபது நிமிடம் காக்க வைத்தால் கடைசி சாம்பிள் வரை எல்லாம் தாமதம். பெட்டிக்குள் வெப்பமானி இருக்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுத வேண்டும். வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டுப் பசியாறப் போகக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்களுக்குச் சொல்லாதது, எந்த டியூப் பிரித்தது, எது பிரிக்காதது என்று. எல்லாம் ஒரே பையில்தான் வரும். பிரிக்காததைத் தனிப் பையில் போட்டு மேலே நேரம் எழுதினால், ஈப்போவில் இறக்கும்போது அதை முதலில் கொடுத்துவிடலாம்.

நுண்ணோக்கி:

அண்ணே, இதை உங்கள் லேப்பில் எழுதிக் கொடுங்கள். நான் எங்கள் லேப்பில் சொல்கிறேன். நல்ல யோசனை.

கோயில் இளைஞர் பிரிவு:

இழையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைக்கிறோம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எல்லாருக்கும், லேப்புக்கு ரத்தம் அனுப்புவது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பூசை முடிந்து காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக இருந்தோம். எதை மாற்ற வேண்டும்?

மிஸ்ஸி ஓய்வு:

முதலில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். பூசை முடிந்து பஞ்சாமிர்தம் சாப்பிட்ட விரலில் குத்தினால் மீட்டர் பஞ்சாமிர்தத்தைத்தான் அளக்கும். கழுவி, நன்றாக உலர்ந்த விரலில் குத்துங்கள். ஸ்டிரிப் டப்பா மூடியைத் திறந்து போட்டுவிடாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டுவிடும்.

நுண்ணோக்கி:

மீட்டருக்கும் கண்ட்ரோல் திரவம் விற்கிறார்கள். காலையில் ஒரு தடவை, புது டப்பா திறக்கும்போது ஒரு தடவை ஓட்டி, நோட்டில் எழுதி வையுங்கள். 2013-இன் ஐஎஸ்ஓ 15197 தரநிலைப்படி நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை விலகலாம். உண்மை அளவு 7.0 என்றால் 6-க்கும் 8-க்கும் இடையில் எங்கேயும் காட்டலாம். அதனால் யாரிடமும் "உங்களுக்கு இனிப்புநீர்" என்று மண்டபத்திலேயே சொல்லிவிடாதீர்கள், கிளினிக்கில் முறையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் மில்லிமோல் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் மில்லிகிராமில் பேசுவார்கள், அவர்களின் 126 தான் நம் 7.0. சர்க்கரையில் நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும்.

லேப் சாம்பிளுக்கு, அங்கேயே சென்ட்ரிஃபியூஜ் கொண்டு வர லேப்பைக் கேளுங்கள். முகாம் என்றால் பல லேப்கள் கொண்டு வரும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப். சாதாரண டியூபில் பிரிக்காமல் கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையை ரத்த அணுக்களே தின்றுவிடும், இனிப்புநீர் உள்ளவருக்கும் நல்ல எண் வந்துவிடும். பத்து மணி மிகத் தாமதம். உண்ணாமல் வருகிற வயதானவர்களுக்கும் கஷ்டம்.

சுங்கைவாசி:

கிளினிக் டாக்டரிடம் இந்த இழையைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார், சென்ட்ரிஃபியூஜ் கேட்டு லேப்புக்கும் எழுதியிருக்கிறார். படிவத்தில் எடுத்த நேரம் எழுதாமல் டியூபை வெளியே விடக் கூடாது என்று கவுண்டரிலும் சொல்லிவிட்டார்.

கோயில் இளைஞர் பிரிவு:

நன்றி. காலை 7.30-க்குத் தொடங்கி 10-க்கு ரத்தம் எடுப்பதை நிறுத்துகிறோம். பூசையும் பிரசாதமும் அதற்கு அப்புறம். பெயர், ஐசி எண் சரிபார்க்க ஒரு மேசை தனியாகப் போடுகிறோம். மிஸ்ஸி அக்கா, அந்த மேசைக்கு நீங்கள் வர முடியுமா?

மிஸ்ஸி ஓய்வு:

வருகிறேன் தம்பி. தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஸ்டிக்கரை யாரும் முன்கூட்டி அச்சடித்து வைக்க வேண்டாம் என்று லேப்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.